சந்தேகத்துக்கு ஒரு கோடு

"எங்க மருமக ஆஸ்பத்திரில கோடு போடுறா" என்றுதான் மாமியார் அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்களுக்கு அது ஸ்கேலும் பென்சிலும் வைத்துச் செய்கிற வேலையாகத் தோன்றியது. மேல்மாடிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மகளின் கணக்கு நோட்டுக்கு மார்ஜின் போட்டுத் தர முடியுமா என்று கேட்டே விட்டார். மருமகளுக்கு மறுக்க மனம் வரவில்லை. போட்டுக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்காரி போட்டும் மார்ஜின் கோணலாக இருக்கிறதே என்று பிற்பாடு புகார் வந்தது.

அவள் போட்ட கோடு வேறு. மருத்துவமனையில் ஒருவருக்கு என்ன நோய், என்ன சோதனை, என்ன வைத்தியம் என்று மருத்துவர்கள் எழுதிவைப்பதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஓர் எழுத்தையும் சில எண்களையும் கணினியில் பதிய வேண்டும். மெடிக்கல் கோடிங் என்று பெயர். காலை ஒடித்துக்கொண்டு வந்தவர் எந்தக் காலை ஒடித்துக்கொண்டார், ஏணியிலிருந்து விழுந்தா, குளியலறையில் வழுக்கியா என்பதுவரை அந்த எண்களுக்குள் அடங்கிவிடும். மருத்துவமனையின் கணக்கு வழக்கு, காப்பீடு, புள்ளிவிவரம் எல்லாம் அதை நம்பித்தான் ஓடின.

கோடிங் அறை தரைத்தளத்துக்கும் கீழே, சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே பெரிய மெஷின்கள் துணி பிழியும்போது இங்கே மேசையில் தண்ணீர் பாட்டில் தானாக நகரும். ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்ததால், வெளியே போகிறவர்களின் செருப்பும் ஷூவும் மட்டும் தெரியும். யாருடைய நடை எது என்று அறையில் இருந்தவர்களுக்கு அத்துப்படி.

அவள் பங்குக்கு வந்தவை பிறந்த குழந்தைகளின் ஃபைல்கள். குழந்தை பிறந்து ஒரு நாள் போனதும் குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தைக் கெட்டியான ஒரு கார்டில் ஊறவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பார்த்தால் தெரியாத, அழுகையிலும் சிரிப்பிலும் பிடிபடாத சில குறைகளை அது காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுக்கும் என்பதுகூட அதிகம். அளவு கூடியோ குறைந்தோ இருந்தால், 'இந்தக் குழந்தையை இன்னொரு தடவை பாருங்கள்' என்று ஜாடை காட்டும். பல குழந்தைகளுக்கு மறுபடி பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

ஆகவே, சோதனையில் மாறுபாடு என்பதற்கு ஒரு கோடு; அது ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கும். தைராய்டு போன்ற சுரப்பிகளில் உண்மையாகவே குறை என்று உறுதியானால் வேறு கோடு. அது 'ஈ'யில் தொடங்கும். முன்னது சந்தேகம், பின்னது வியாதி. ஆய்வகத்தின் எண்ணைப் பார்த்துவிட்டு கோடு போடுகிறவரே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மருத்துவர் எழுத வேண்டும். எழுதியது புரியாவிட்டால் அவரிடம் கேள்வி கேட்டு அனுப்ப வேண்டும்.

அவள் அனுப்பினாள். காலையில் அனுப்பினாள், மதியம் அனுப்பினாள், பதில் வந்தால் அந்தப் பதிலைப் பற்றி ஒரு கேள்வி அனுப்பினாள். மருத்துவமனையில் அவளுக்கு 'கேள்வி' என்றே பெயர் விழுந்துவிட்டது. "கேள்வி இன்னிக்கு லீவா? அதான் நிம்மதியா சாப்பிட முடிஞ்சது" என்று பேசிக்கொள்கிற அளவுக்கு.

குழந்தை மருத்துவர் ஒரு முறை ஃபைலில் 'தைராய்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். கேள்வி போனை எடுத்தாள்.

"டாக்டர், இந்தக் கேள்விக்குறி உங்களோடதா, ஆய்வகத்தோடதா?"

"என்னோடதுதாம்மா."

"அப்போ குழந்தைக்கு வியாதி இருக்கா, இல்லையா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்குக் கேள்விக்குறி போடப்போறேன்?"

"அதையே எழுதிக் குடுத்துடுங்க டாக்டர். சோதனையில் மாறுபாடு, இன்னும் உறுதியாகலன்னு. கேள்விக்குறிக்கு எங்ககிட்ட கோடு கிடையாது."

டாக்டர் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து அவருடைய குறிப்புகள் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தன. என்ன, ஒவ்வொன்றின் முடிவிலும் 'கேள்விக்குத் திருப்தியா?' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். நோயாளியின் ஃபைலில் இதெல்லாம் எழுதக் கூடாது என்று கோடிங் பிரிவுத் தலைவி மேலே ஏறிப்போய்க் கெஞ்சிவிட்டு வர வேண்டியிருந்தது.

கேள்விக்கு இந்தக் குணம் கூடவே பிறந்தது. விலங்கியல் படித்துவிட்டு முதலில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் பதில் சொன்னால், "நிச்சயமா?" என்று கேட்பாள். சரியான பதிலைச் சொன்ன பிள்ளை அந்தக் குரலைக் கேட்டுப் பயந்து பதிலை மாற்றிவிடும். அரையாண்டுத் தேர்வில் வகுப்பின் முதல் மாணவியே தவளைக்கு வால் உண்டு என்று எழுதிவைத்த பிறகு, தலைமையாசிரியர் அவளை அழைத்து, "உங்களுக்கு வேற நல்ல வேலை கிடைக்கும்மா" என்று ஆசீர்வதித்து அனுப்பினார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் சந்தித்ததே நின்றுபோன லிஃப்டில்தான். அவள் உள்ளே, அவர் வெளியே. "பயப்படாதீங்க மேடம், ரோப் நல்லாதான் இருக்கும்" என்று கதவுக்கு அப்பால் குரல் வந்தது. "இருக்குமா? இருக்கா?" என்று உள்ளிருந்து பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லையே என்று அவர் அசந்துபோனாராம். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இருக்கு" என்றார். அப்புறம் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாமியார் எப்படிப்பட்டவர் என்றால், ஒருவர் இருமி முடிப்பதற்குள் அவருக்கு வியாதியைச் சொல்லிவிடுகிறவர். தொலைக்காட்சியில் மருத்துவர்கள் பேசுகிற நிகழ்ச்சி ஒன்றையும் விடமாட்டார். வாட்ச்மேன் கொட்டாவி விட்டால் ரத்தத்தில் இரும்பு இல்லை. தபால்காரர் நெற்றியைத் துடைத்தால் இதயம். மகன் தும்மினால் மட்டும் தூசி. சொந்தப் பிள்ளை அல்லவா.

"அந்த எதிர்வீட்டுக்காரருக்கு ஈரல்ல கோளாறு" என்பார்.

"டாக்டர் சொன்னாரா அத்தை?"

"டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? கண்ணைப் பார்த்தா தெரியாது?"

வியாதியின் பெயரை வாயில் எடுக்கவே யோசிக்கிறவளும், பெயரை நாக்கு நுனியில் தயாராக வைத்திருப்பவரும் ஒரே சமையலறையில் புழங்கினார்கள். ஆச்சரியம் என்னவென்றால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. மாமியாருக்குச் சொல்ல ஆள் வேண்டும். மருமகளுக்குக் கேட்க ஆள் வேண்டும். பொழுது பறந்தது.

கணவரின் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது அந்தச் சமயத்தில்தான். வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தங்கை சின்னவள். அண்ணி வேலை பார்க்கிற இடம் என்பதால் அதே மருத்துவமனையில் பிரசவம். சின்னவள் வீட்டில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் அந்த நெடியில் எப்படிப் போடுவது என்று, அவளும் மாப்பிள்ளையும் குழந்தையுமாக இங்கேயே வந்து இறங்கினார்கள். சின்ன வீடு நிரம்பி வழிந்தது. கூடத்தில் காலை வைத்தால் தலையணை, கையை நீட்டினால் துணிக்கொடி.

குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பெரிய சண்டை. சின்னவள் ஒன்று சொன்னாள், மாப்பிள்ளை ஒன்று சொன்னார், மாமியார் இருவரும் சொன்னதில் பாதிப் பாதியைச் சேர்த்துப் புதிதாக ஒன்று சொன்னார். அது ஏதோ தைலத்தின் பெயர் மாதிரி இருந்தது. பாப்பா பாப்பாவாகவே இருந்தது. சண்டை எதுவும் அதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. நாள் முழுக்கத் தூங்கியது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. "இப்படி ஒரு சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததே இல்ல" என்று மாமியார் மாடிப்படி ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலைக்கு நடுவில் ஒரு முற்பகலில் அடுத்த ஃபைலைத் திறந்தாள் கேள்வி. குதிகால் ரத்தத்தின் முடிவு. தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோனின் அளவு, இருக்க வேண்டியதைவிட வெகுவாகக் கூடியிருந்தது. வழக்கம்போல் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மேலே பெயருக்குப் போனாள். பெயர் வைக்காத குழந்தை ஆகையால் தாயின் பெயரைப் போட்டு 'அவருடைய குழந்தை' என்று இருந்தது. தாய், சின்னவள்.

மவுஸில் இருந்த கையைச் சூடு பட்டதுபோல எடுத்தாள். சொந்தக்காரர்களின் ஃபைலைத் தொடக் கூடாது. தெரியாமல் கைக்கு வந்தாலும் உடனே சொல்லி மாற்ற வேண்டும். இங்கே பார்த்ததை வெளியே, வீட்டில்கூட, மூச்சு விடக் கூடாது. விதி தெளிவாக இருந்தது. அவளே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எத்தனையோ முறை ஒப்பித்திருக்கிறாள்.

நேரே பிரிவுத் தலைவியிடம் போனாள். "மேடம், இது எங்க வீட்டுப் பிள்ளை."

பிரிவுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். "சரி, ஃபைலை மாத்திடறேன். வீட்டுக்கு இன்னிக்கே போன் போயிடும். நர்ஸ் சொல்லுவாங்க, டாக்டர் பார்த்துப்பாங்க. நீ வாயைத் திறக்காதே."

ஃபைல் பக்கத்து நாற்காலிக்குப் போயிற்று. அங்கே இருந்தவரை எல்லோரும் 'அவசரம்' என்பார்கள். மாலையில் பேட்மிண்டன் ஆடப் போக வேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்தே பறக்கிற ஆசாமி. அளவைப் பார்த்த மாத்திரத்தில் 'ஈ'யைத் தட்டிவிட்டுப் போகக்கூடியவர். பார்க்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. கேள்வி தன் கணினியையே வெறித்தபடி, பக்கத்தில் கீபோர்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் வேகமாகப் போனது. சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவசரம் போனை எடுப்பது கேட்டது.

"டாக்டர், வணக்கம். இது... வந்து... உறுதியாயிடுச்சா, இன்னும் சந்தேகம்தானா? எழுதினீங்கன்னா நல்லாயிருக்கும்."

மறுமுனையில் மருத்துவர் போட்ட சத்தம் இவள் காதுவரை வந்தது. "இது என்ன, கேள்வி தொத்து வியாதியா? நீங்களுமா?"

அவசரத்தின் வாழ்க்கையில் அதுதான் முதல் கேள்வி. காதெல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் இடிந்துபோய் இருப்பார்கள் என்று நினைத்து, ஆறுதல் வார்த்தைகளைப் படிக்கட்டிலேயே அடுக்கிக்கொண்டு போனாள். உள்ளே ஒரே சிரிப்பு. மாப்பிள்ளையின் போன் முந்தின நாள் குழந்தையின் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்துவிட்டதாம். ஈரம் உறிஞ்சுவதற்காக மாமியார் அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறார். மதியம் அரிசி எடுக்கப் போனவர் போனையும் சேர்த்துக் களைந்துவிட்டாராம்.

கேள்விக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனையில் கொடுத்திருந்த ஒரே எண், குக்கருக்குப் போகவிருந்த அந்த எண்தான்.

"ஏம்மா, முகமே சரியில்லையே. பித்தமா?" என்றார் மாமியார்.

"ஒண்ணும் இல்ல அத்தை. அலைச்சல்."

"பித்தம்தான்."

சின்னவள் பாப்பாவை அவள் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். கேள்வி பாப்பாவின் கால்களை மெல்லப் பிடித்துவிட்டாள். குதிகாலில் ஊசி குத்திய இடம் புள்ளியாகக்கூட இல்லை, ஆறிப்போயிருந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் மாமியார் அடுத்த நொடி ஒரு பெயர் வைப்பார். இரவுக்குள் அது மூன்று மாடிக்கும் பரவும். சின்னவள் விடியும்வரை அழுவாள். மறுபடி சோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால்கூட அந்தப் பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சொல்லாவிட்டால்? நாளைக் காலையில் முதல் வேலை, நர்ஸைப் பிடிப்பது. அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

காலையில் ஸ்கிரீனிங் பிரிவின் கதவு திறக்கும்போதே வாசலில் நின்றாள். குதிகால் ரத்தச் சோதனையைக் கவனிக்கிற ஸ்கிரீனிங் நர்ஸ், முன்பின் தெரியாதவர்களிடம்கூட இதமாகப் பேசுகிற பெண், ஏற்கெனவே கவலையோடுதான் இருந்தார்.

"நேத்து முழுக்க அடிச்சுப் பார்த்துட்டேங்க. ஸ்விட்ச் ஆஃப். வீட்டு விலாசத்துக்கு ஆள் அனுப்பினா, அங்க பெயின்டர்தான் இருக்கார்."

"நான் சொந்தக்காரியா ஒரு நம்பர் தரேன். குழந்தையோட அம்மாவோடது. நான் வேற ஒண்ணும் சொல்லல, கேக்கல."

"நீங்க ஒண்ணும் சொல்லல" என்று தலையாட்டிவிட்டு நர்ஸ் எண்ணை அழுத்தினார்.

அங்கே நடந்ததைக் கேள்வி பிற்பாடு இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டாள். சின்னவள் தூங்கிக்கொண்டிருந்ததால் மாமியார் போனை எடுத்திருக்கிறார். "குழந்தையோட அம்மாவா பேசறது?" என்று நர்ஸ் கேட்க, மாமியார் உள்ளே தூங்குகிற தன் குழந்தையை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஆமா, அம்மாதான்" என்றிருக்கிறார். அதில் பொய்யே இல்லை. சரிபார்ப்பதற்காக நர்ஸ் தாயின் பிறந்த தேதியைக் கேட்டார். மாமியார் சொன்னார். நர்ஸ் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பிரசவித்த பெண்ணுக்கு அறுபது வயது தாண்டியிருப்பதை அறிந்து திகைத்துப்போய், "மறுபடி சொல்றீங்களா?" என்றார். மாமியார் உஷாரானார். பிறந்த தேதியை இரண்டு தடவை கேட்கிறவர்கள் யார் என்று தொலைக்காட்சியில் விலாவாரியாகச் சொல்லியிருந்தார்கள்.

"எங்களுக்கு லோனும் வேண்டாம், பரிசும் வேண்டாம். போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று வைத்துவிட்டு, அந்த எண்ணை பிளாக்கும் செய்துவிட்டார்.

நர்ஸ் கீழே இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னபோது கேள்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, காலில் வெந்நீர் கொட்டியவள் மாதிரி வீட்டுக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும் மாமியார், "இன்னிக்கு ஒரு ஃபிராடைப் பிடிச்சேன்!" என்று ஆரம்பித்தார். முழுக்கதையையும் நடித்துக் காட்டினார். நர்ஸின் குரலுக்கு ஒரு திருட்டுத்தனமான இழுவைகூடச் சேர்த்துக்கொண்டார்.

"சின்னவளே, உன் போனைக் குடு" என்றாள் கேள்வி. பிளாக் செய்திருந்த எண்ணை விடுவித்து, நாத்தனாரின் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இது ஆஸ்பத்திரி நம்பர். நீயே கூப்பிட்டுப் பேசு."

"எதுக்கு அண்ணி?"

"பேசும்மா. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

சின்னவள் பேசினாள். "ஆமா... ஆமாங்க... இல்ல, தூக்கம்தான் ஜாஸ்தி..." பேசப் பேசக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. போனை வைத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இப்பவே வரச் சொல்றாங்க. ரத்தத்துல ஏதோ கூட இருக்காம். மறுபடியும் எடுத்துப் பார்க்கணுமாம்."

மாமியார் மெதுவாக மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்பலேருந்து?"

"நேத்திலேருந்து."

சின்னவள்தான் அடுத்துப் பேசினாள். "நேத்து சாயங்காலம் பாப்பாவுக்குக் கால் பிடிச்சுவிட்டீங்களே அண்ணி. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

பாப்பாவைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். டாக்ஸியில் நான்கு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை பாவம், யார் பக்கம் கோபப்படுவது என்று தெரியாமல், கையில் அந்தச் செத்துப்போன போனைப் பிடித்துக்கொண்டு டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். டிரைவருக்கு எதற்கு என்று புரியவில்லை.

குழந்தை மருத்துவர் கதவுவரை வந்து அழைத்துப்போனார். கேள்வியை இத்தனை வருஷத்தில் அவர் கீழே கோடிங் அறையில்தான் கற்பனை செய்து வைத்திருந்தார். நோயாளியின் வீட்டு ஆளாக, வாய் மூடி, சுவரோரம் நிற்கிற கேள்வி அவருக்குப் புதிது. ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

நிதானமாக விளக்கினார். இது முதல் சோதனை. ஜாடைதான். இப்போது நரம்பிலிருந்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"வியாதி பேர் என்ன டாக்டர்?" மாமியார் கேட்டார்.

"இன்னும் பேர் இல்லம்மா."

"பிள்ளைக்குத்தான் பேர் வைக்கல, வியாதிக்குமா பேர் வைக்கல?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னவளுக்குக்கூட வந்தது, அழுகையும் கூடவே. மருத்துவர் குனிந்து பாப்பாவைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், நாக்கைப் பார்த்தார்.

"பால் எப்படிக் குடிக்குது? தூக்கம்?"

"அதை ஏன் கேக்கறீங்க, நாள் முழுக்கத் தூங்கும். எழுப்பினாதான் பால். அழுகைகூடச் சத்தமா வராது. அவ்வளவு சம..." என்று மாமியார் ஆரம்பித்தார். மருத்துவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்வதைப் பார்த்ததும் வார்த்தை பாதியில் நின்றது. ஊரில் உள்ள கொட்டாவிக்கெல்லாம் பெயர் வைத்தவர் அவர். தன் மடியில் கிடந்த பிள்ளையின் தூக்கத்தை மட்டும் சமத்து என்று எண்ணிவிட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ரத்தம் எடுத்து முடிக்கும்வரை பேசவில்லை.

சாயங்காலம் முடிவு வந்தது. சந்தேகம் உண்மைதான். பாப்பாவின் தைராய்டு சுரப்பி வேண்டிய அளவு வேலை செய்யவில்லை.

"கேளுங்க" என்றார் மருத்துவர். "ஒரு சின்ன மாத்திரை. தினம் காலையில பொடி பண்ணி, கொஞ்சம் தாய்ப்பாலில் குழைச்சு ஸ்பூன்ல குடுக்கணும். அப்பப்போ ரத்தம் பார்க்கணும். தவறாமக் குடுத்தா மத்தப் பிள்ளைங்க மாதிரியே வளரும், படிக்கும், உங்களை எதிர்த்துப் பேசும். கண்டுபிடிக்காம விட்டிருந்தாத்தான் மூளை வளர்ச்சிக்குக் கஷ்டம். சீக்கிரம் பிடிச்சுட்டோம்."

"இப்போ பேர் வெச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார் மாமியார்.

"வெச்சாச்சும்மா." மருத்துவர் பெயரைச் சொன்னார்.

மாமியார் கேட்டுக்கொண்டார். திருப்பிச் சொல்லிப் பார்க்கவில்லை.

மறுநாள் கேள்வி வேலைக்குப் போனபோது, அவசரம் அவளுடைய மேசையில் ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். எதற்கு என்று சொல்லவில்லை; சொல்லவும் கூடாது. 'ஈ' வரிசையில் அந்தக் கோட்டை யார் போட்டிருப்பார் என்று அவளும் கேட்கவில்லை. சலவை மெஷின் சுழல, காப்பி டம்ளர் மேசையில் மெல்ல நகர்ந்து வந்து அவள் விரலைத் தொட்டது.

வீட்டில் மாத்திரைப் பொறுப்பை மாமியார் எடுத்துக்கொண்டார். யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. மருமகளோடு பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகன் வழியாகத்தான். "உன் பொண்டாட்டிகிட்ட உப்பை எடுக்கச் சொல்லு." கேள்வி பக்கத்தில்தான் நிற்பாள். மகனோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் பாப்பா தும்மிவிட்டது. பொடி பாதி ஸ்பூனிலிருந்து பறந்து மாமியாரின் கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"ஏம்மா... கொஞ்சம் வா" என்று குரல் வந்தது. நேரடியாக. "பாதி போயிடுச்சு. இன்னொண்ணு குடுக்கலாமா?"

"தெரியலையே அத்தை. நர்ஸ்கிட்ட கேட்போம்."

"ஆஸ்பத்திரிலயே கிடக்கறே, உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "எனக்கும் தெரியாது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த வீட்டுச் சுவர்கள் கேட்டது அதுவே முதல் முறை. நர்ஸைக் கூப்பிட்டார்கள். மாமியாரே பேசினார், முதலில் தன் பிறந்த தேதியைச் சொல்லிவிட்டு, "ஞாபகம் இருக்காம்மா? அன்னிக்குத் திட்டினேனே, அதே ஆள்தான்" என்றார்.

அதே வாரம் கீழ்மாடி அம்மாள் படிக்கட்டில் மறித்தார். "உங்க பேத்திக்கு ஏதோ கோளாறாமே? என்ன வியாதி?"

"உங்க பையனுக்கு வருஷம் பூரா மூக்கு ஒழுகுதே, நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?" என்று மாமியார் சீறினார். ஊரறியக் கேட்டிருக்கிறார். அந்த மூக்குக்கு நான்கு விதமான வியாதி சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாமியார் வைத்தியம் பார்ப்பதை நிறுத்திவிட்டார் என்று சொல்ல முடியாது. வாட்ச்மேனுக்கு இன்னமும் இரும்புச்சத்து குறைவுதான். ஆனால் குழந்தைகளை விட்டுவிட்டார்.

பாப்பா மாறியது எல்லோருக்கும் தெரிந்தது. சில வாரங்களில் முழித்துப் பார்த்தது. பிறகு அழுதது, அதுவும் சாதாரண அழுகை இல்லை, வாட்ச்மேன் மேலே ஓடிவருகிற அழுகை. பெயர்ச் சண்டையும் ஒரு வழியாக ஓய்ந்து நீளமாக ஒன்றை வைத்தார்கள். அதை அழைக்க யாருக்கும் மூச்சு போதவில்லை. இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. மாத்திரையை நிறுத்த முடியுமா என்று மருத்துவர் பார்த்தார். முடியாது என்று தெரிந்தது. பாப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. காலையில் மாத்திரை வர ஒரு நிமிஷம் தாமதமானால் உரிமைக்குப் போராடுகிறது.

சின்னவளின் கோபம்தான் எல்லாவற்றையும்விட மெதுவாக நகர்ந்தது. அப்போது பெயின்ட் வேலை முடிந்து, கைக்குழந்தையோடு அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போன அன்று, அவர்களுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கேள்வியிடம் வந்து நின்றாள்.

"நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கு ராத்திரி பூரா பயந்துட்டு இருந்திருப்பேன். காலையிலதான் எதுவும் செஞ்சிருக்க முடியும். அது எனக்குப் புரியுது அண்ணி. ஆனா கோபம் போக மாட்டேங்குது. என்ன பண்றது?"

"போகும்போது போகட்டும்" என்றாள் கேள்வி. "நான் எங்க போயிடப்போறேன்?"

அதன் பிறகு சின்னவள் வந்தாள், போனாள், மரியாதையாகப் பேசினாள். அந்த மரியாதை கேள்வியை ரொம்பப் படுத்தியது. முன்பெல்லாம் சின்னவளுக்கு அவளிடம் மரியாதையே கிடையாது. தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் பேச ஆரம்பிப்பாள்.

மாதங்கள் போயின. ஒரு நாள் மதியம், கோடிங் அறையில் எல்லோரும் வேலையில் மூழ்கியிருந்த நேரம், கேள்வியின் போன் அதிர்ந்தது.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா? இருந்தாலும் கேளுங்க. இந்த மனுஷன் என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? மலிவாக் கிடைச்சுதுன்னு பழைய பியானோ ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்காரு. வாசல்ல நுழையல. ஜன்னல் வழியாத் தூக்கறேங்கறாரு. வாசிக்கத் தெரியுமான்னு கேட்டா, தெரிஞ்சுக்குவேங்கறாரு. நான் எங்க போய் முட்டிக்கறது, சொல்லுங்க?"

கேள்வி கீபோர்டைத் தள்ளி வைத்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"முதல்லேருந்து சொல்லு" என்றாள். "எந்த ஜன்னல்?"